நடுச்சுவர்

அன்புத் தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீயும் தங்கச்சியும் பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கேயும் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். மழை தொடங்கியதிலிருந்து உன் அண்ணனுக்கு இழுப்பு. போன வாரம் மூச்சு விட முடியாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் வைத்திருந்து இப்போதுதான் கூட்டி வந்தேன். பயப்படாதே.

டாக்டரம்மா உடம்பைவிட வீட்டைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தார். உள்ளே வருகிற காற்று வெளியே போக வழி உண்டா என்று கேட்டார். என்ன சொல்வேன்? கூடத்தின் நடுவே நீங்கள் இருவரும் எழுப்பிய சுவர் உனக்குத் தெரியாததா? கிழக்கு ஜன்னல்கள் எங்களோடு நின்றன, மேற்கு ஜன்னல்கள் உன்னோடு போயின. அடுப்படிப் புகை மறுநாளும் தலையணையில் மணக்கிறது. பீரோவுக்குப் பின்னால் பூஞ்சணம் ஆள் உயரத்துக்கு ஏறிவிட்டது. சுரண்டி எடுத்துப் பெயிண்ட் அடித்தேன். அதையும் மீறிக் கருத்துவிட்டது. பூட்டியே கிடக்கும் உன் பக்கம் எப்படி இருக்கிறதோ.

கொத்தனாரைக் கூப்பிட்டேன். சுவரைத் தட்டிப் பார்த்தவர், "சிமெண்டுக் கல்லு, ரெண்டு பக்கமும் சிமெண்டுப் பூச்சு. மேல ஒரு சந்துகூட விடலையே, யாரும்மா இப்படிக் கட்டச் சொன்னது?" என்றார். எறும்புகூட நுழையக் கூடாது என்று அன்று கத்தியவர் கட்டிலில் படுத்திருந்தார். மெதுவாக, "நான்தான்" என்றார்.

மேலே நாலு கல்லை எடுத்துவிட்டு, உன் பக்கத்து ஜன்னலையும் திறந்து வைத்தால் காற்று ஓடுமாம். கொத்தனார் உளியை எடுத்ததும் இவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"வேணாம்ப்பா. அதுல பாதி என் தம்பியோடது. அவனைக் கேக்காம யாரும் கை வைக்கக் கூடாது."

அப்படியானால் போன் போட்டுக் கேளுங்கள் என்றேன். "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேப்பேன்?" என்று கண்ணை மூடிக்கொண்டார். பிடிவாதத்தில் நீங்கள் இருவரும் ஒரே அச்சு.

அன்று என்ன பேச்சுக்காக அப்படி முறைத்துக்கொண்டீர்கள் என்பதே எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. ராத்திரி அவர் மூச்சுக்கு அலையும்போது, நானாவது குறுக்கே விழுந்து தடுத்திருக்கலாமே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

இதை எழுதுவது அவருக்குத் தெரியாது. சம்மதம் என்றால் ஒரு வரி எழுது. உன் பக்கத்துச் சாவி உன்னிடம்தானே இருக்கிறது. அதைத் தபாலில் மட்டும் அனுப்பிவிடாதே, தம்பி.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

என்றும் உன் நலம் நாடும்
அண்ணி