பூவிதழில் எழுதிய பிழை

அன்பு மகள் ஹெஸ்டருக்கு,

என் இடது முழங்காலையும் குளியலறைக் குழாயையும் தவிர இங்கே எல்லோரும் சுகம். நீயும் மாப்பிள்ளை ரோரியும், பிள்ளைகள் வில்ஃபும் நெல்லும் பூமியின் அடிப்பக்கத்தில் இருக்கிற அந்தத் தலைகீழ் ஊரின் ஜூலைக் குளிரில் கம்பளி போட்டுக்கொண்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் அனுப்பாமல் ஏன் தாளில் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் நான் ஒன்று அடித்தால் அது என்னைத் திருத்தி வேறொன்றை அனுப்பிவிடுகிறது, போன மாதம் கீழ்த்தெருவில் ஒரு சாவுக்குத் துக்கம் விசாரித்து அனுப்பினேன், போய்ச் சேர்ந்தபோது அது வாழ்த்தாகியிருந்தது. தாள் அப்படியெல்லாம் செய்யாது, என் பிழையை என் பிழையாகவே கொண்டுவந்து சேர்க்கும்.

நேற்று மானம் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். வருஷா வருஷம் ஊர்க் கிணற்றடியில் களிமண்மேல் பூவிதழ் ஒட்டி நிறுத்துவோமே, அந்தக் கிணற்று அலங்காரப் பலகை வெயிலில் காய்ந்துவிடாமல் தண்ணீர் தெளிக்கக் காலையில் போயிருந்தேன், மழைக்கோட்டு போட்ட வெளியூர் அம்மாள் ஒருத்தி பலகையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் போனை நீட்டி, இதுக்குப் பக்கத்துல நிக்கறேன், ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க, அந்தத் தப்பு நல்லாத் தெரியணும் என்றாள். எடுத்துக் கொடுத்தேன். எழுதின ஆளு ஸ்கூல் வாசலையே மிதிச்சிருக்க மாட்டான் போல என்றாள். நானும், ஆமாங்க, பாத்தாலே தெரியுது என்று சொல்லி, வெளிச்சம் சரியில்லை என்று இன்னொரு படமும் எடுத்துக் கொடுத்து, நல்லபடி ஊர் போய்ச் சேருங்கள் என்று வழியனுப்பியும் வைத்தேன். அந்த ஆளு உன் அப்பன்தான் என்று இதற்குள் உனக்குப் புரிந்திருக்கும்.

நடந்தது இதுதான். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், மூடிவிடலாமா என்று கல்வி அலுவலகத்தில் யோசிக்கிறார்கள் என்று அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள். அதனால் இந்த வருஷக் கிணற்று அலங்காரத்தில் பள்ளிக்கூடத்தின் படத்தையே வைத்து, அடியில் 'எங்கள் பிள்ளைகளை நம்புங்கள்' என்று எழுதிவிடுவோம், பார்க்க வருகிற கூட்டம் ஊரெல்லாம் போய்ச் சொல்லட்டும் என்று எனிட் பேக்ஷாவின் கமிட்டி முடிவு செய்தது. எழுத்து வரைவது முன்பு உன் வேலை, நீ பெர்த்துக்குப் போன பிறகு அது என் தலையில் விழுந்தது. தாளில் வரைந்து, ஈரக் களிமண்மேல் விரித்து, ஊசியால் குத்தி அச்சு இறக்கினேன். நம்பு என்பதற்கான 'பிலீவ்' என்ற இங்கிலீஷ் சொல்லில் ஐ, ஈ என்ற இரண்டு எழுத்தும் இடம் மாறி உட்கார்ந்துகொண்டதை நான் பார்க்கவில்லை. நான் பார்க்காதது அதிசயமில்லை, வேறு யாருமே பார்க்கவில்லை. இதழ் ஒட்டுகிறவர்களின் சங்கதிதான் உனக்குத் தெரியுமே, ஆளுக்கு ஓர் எழுத்தை எடுத்துக்கொண்டு, மூக்கு களிமண்ணில் படுகிற மாதிரி குனிந்து, கீழிருந்து மேலாக ஓடு வேய்கிற மாதிரி ஒவ்வோர் இதழாக அமுக்கிக்கொண்டு போவார்கள், எழுத்துதான் கண்ணுக்குத் தெரியும், சொல் தெரியாது. தலைமை ஆசிரியை மெரியல் ஆல்சப் தன் கையாலேயே அந்த இடம் மாறிய ஈ எழுத்தை நீல ஹைட்ராஞ்சியா இதழால் நிரப்பினாள், அவ்வளவு அழகான ஈ எழுத்தை நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை பலகையைத் தூக்கி நிறுத்தி, பாதிரியார் ஜெபம் சொல்ல, எல்லோரும் நாலடி பின்னால் நகர்ந்தோம், அப்போதுதான் அது சொல்லாகத் தெரிந்தது. வாத்தியக் குழுவில் டிரம்பெட் வாசிக்கிறவனுக்குச் சிரிப்பு குழாய்க்குள்ளேயே வந்துவிட்டது, அந்தச் சத்தத்தை ஜெபம் முடிகிற ஆமென் என்று நினைத்துச் சில பேர் கழற்றிய தொப்பியைப் போட்டுக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் படம் எங்கெங்கோ போய்விட்டது. எழுத்துக்கூட்டத் தெரியாத ஊருக்குப் பள்ளிக்கூடம் ஒரு கேடா என்று முகம் தெரியாதவர்கள் எல்லாம் எழுதினார்கள். அவர்களில் பாதிப் பேர் எழுதியதிலும் பிழை இருந்தது என்று அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கண்டுபிடித்துச் சொன்னாள், அதற்காக அவர்களுடைய ஊர்ப் பள்ளிக்கூடத்தை யார் மூடப்போகிறார்கள். லண்டனிலிருந்து ஒருவர் கமிட்டிக்கு ஓர் அகராதியே அனுப்பியிருக்கிறார், கெட்டி அட்டை, இப்போது மண்டபத்துக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க உதவுகிறது. கசாப்புக்கடை ஸ்டான்லி மட்டும், அட போ வாத்து, என் கடைப் பலகைல சாசேஜ் என்னைக்குய்யா சரியா இருந்துச்சு, எவனாவது வாங்காமப் போனானா என்று, நம் ஊரில் எல்லோரையும் செல்லமாக வாத்து என்று கூப்பிடுகிற வழக்கப்படி கூப்பிட்டு, தோளில் தட்டினான். உன் அம்மாவோ, கல்யாணமானதிலேர்ந்து பர்த்டே கார்டுல என் பேரையே தப்பாத்தான் எழுதற கிளிஃப், நான் யார்கிட்டயாவது அழுதேனா என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மெரியல் வீட்டுக்கு வந்து நம் சமையலறை மேசையில் உட்கார்ந்தபோது வரவில்லை. அவள் கோபிக்கவே இல்லை. டீயைத் தொடாமல், கணக்குக் காட்டி மூட வந்தா சண்டை போடலாம் கிளிஃப், சிரிச்சே மூடிட்டாங்கன்னா என்ன செய்ய முடியும் என்று மட்டும் கேட்டாள்.

எனிட் ஒரு யோசனை சொன்னாள், அந்தச் சொல்லுக்கு முன்னால் பெரிய பூந்தொட்டி ஒன்றை வைத்துவிடலாம் என்று. களிமண் இறுகிவிட்டது, ஓர் எழுத்தைப் பிடுங்கினால் மேலே உள்ள பள்ளிக்கூடக் கதவும் சேர்ந்து வந்துவிடும், வேறு வழியில்லை வாத்து என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஊரில் பாதிப் பேருடைய விரல் அந்தப் பலகையில் பட்டிருக்கிறது, தொட்டி வைத்தால் எல்லோருமாகச் சேர்ந்து எதையோ திருடி ஒளித்த மாதிரி ஆகிவிடும், கடைசி நாள் வரை அது அப்படியே நிற்கட்டும், யாராவது கேட்டால் என் பெயரைச் சொல் என்றேன். வாயால் சொல்வது சுலபம்தான், மறுநாளே அந்த மழைக்கோட்டு அம்மாளிடம் என் வீரம் எப்படிப் போனது என்று மேலே படித்தாயே. அந்த வெட்கம்தான் பள்ளிக்கூடத்தைப் பற்றி நேற்று மாலை நடந்த கூட்டத்துக்கு என்னைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனது.

மண்டபம் நிறைந்திருந்தது. கல்வி அலுவலகத்திலிருந்து வந்தவர் மரியாதையான மனுஷர், பேசி முடித்துவிட்டு, உங்க பலகையை வழியில பாத்தேன், ரொம்ப அழகு, எழுத்து யாரோடதுன்னு தெரிஞ்சுக்கலாமா என்று கேட்டார். பின்வரிசையில் இரண்டு பேர் கனைத்தார்கள். மெரியல் தரையைப் பார்த்தாள். நான் எழுந்தேன், முழங்கால் ஒரு சத்தம் போட்டது, அதுவே பாதி மண்டபத்துக்குக் கேட்டிருக்கும். எழுதினது நான்தாங்க, இதே ஸ்கூல்லதான் படிச்சேன், ஸ்கூல் மேல தப்பில்ல, எனக்கு ஜன்னலோர சீட்டு என்றேன். சிரித்தார்கள், சிரிக்கட்டும் என்று காத்திருந்தேன். அப்புறம், ஊர்ல ஒருத்தனுக்குச் சொத்தைப்பல் இருக்குங்கறதுக்காகப் பல் டாக்டரை ஊரை விட்டு அனுப்புவீங்களாங்க, என்னை மாதிரி ஆளுங்க இருக்கற ஊருக்குத்தானே ஸ்கூல் வேணும், நான் எழுதினது தப்பு, கேட்டது தப்பில்ல என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். ஸ்டான்லி மேசையைத் தட்டினான், பிறகு எல்லோரும் தட்டினார்கள். அந்த மனுஷர் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார். ஆனால் ஒளிக்காமல் சொல்கிறேன், அதனால் பள்ளிக்கூடம் பிழைத்துவிட்டது என்று நினைத்துவிடாதே. பேச்சு போதாது, வகுப்பில் பிள்ளைகள் வேண்டும், இன்னும் சில பிள்ளைகள் வருவார்கள் என்று தெரிந்தால் நவம்பரில் நல்ல முடிவு சொல்ல முடியும் என்றார். வரப்போகிற பிள்ளைகள் இருக்கிற குடும்பங்கள் கை தூக்குங்கள் என்றார். சில கைகள் எழுந்தன, கீழ்ப்பண்ணை வீட்டுப் பெண் ஒரு கையைத் தூக்கி இன்னொரு கையால் தன் வயிற்றைக் காட்டினாள். நானும் பாதி தூக்கிவிட்டுக் காதைச் சொறிந்துகொண்டேன். அம்மா என்னைப் பார்த்தாள்.

நவம்பர் வரை ஒவ்வொரு கூட்டத்துக்கும் போவேன், கல்வி அலுவலகத்தார் தங்கள் ஊருக்குக் கூப்பிட்டாலும் பஸ் ஏறிப் போவேன். அடுத்த வருஷப் பலகைக்கும் எழுத்து என்னுடையதுதான் என்று எனிடிடம் சொல்லிவிட்டேன், அவள் கடவுளே என்றாள், அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

வில்ஃப் எழுத்துக்கூட்டல் பரீட்சையில் கோட்டை விட்டான் என்று எழுதியிருந்தாயே, திட்டாதே, அது தாத்தாவின் சொத்து என்று சொல். சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்காரவைத்துச் சரியாகச் சொல்லிக்கொடு, என் மாதிரி ஜன்னலைப் பார்க்க விட்டுவிடாதே. நெல்லுக்கு விழுந்த பல்லைப் படம் எடுத்து அனுப்பு. ரோரி வேலைக்காகக் கூரை ஏறும்போது ஏணியை யாராவது பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் நாலு பேரும் நோய்நொடி இல்லாமல், எந்த ஊரில் இருந்தாலும் அந்த ஊரில் மனம் நிறைந்து இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் தினமும் வேண்டிக்கொள்கிறோம். திருத்தித் தரட்டுமா என்று அம்மா இந்தக் கடிதத்தைக் கேட்டாள், கொடுக்கவில்லை.

உன் அன்பு அப்பா,
கிளிஃப் ராக்

பின்குறிப்பு: காதைச் சொறிந்ததை நீ கேட்காமல் இருக்க மாட்டாய். உன் வாழ்க்கை அங்கே, எனக்குத் தெரியும், இதை ஒரு கோரிக்கையாக எடுத்துக்கொள்ளாதே. கை முழுசாக எழுந்திருந்தால் அந்த மனுஷர் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டிருப்பார். இரண்டு என்று சொல்லியிருப்பேன்.