எரித்த வீட்டைத் திரும்பக் கட்டிய ஊர்

என் உயிரான மாப்பிள்ளை மாரிமுத்துவுக்கு,

நேற்று குரோஷியாவிலிருந்து, நமக்கு அங்கே வேலை கொடுத்த அந்த ஊர்க்காரர் ஸ்டீபன் அண்ணாச்சி மறுபடி போன் செய்தார். "மாரி ஏன் பேசுவதே இல்லை?" என்று கேட்டார். இதற்கு முன்னால் கேட்டபோதெல்லாம் காய்ச்சல் என்றேன், போன் தொலைந்துவிட்டது என்றேன். நேற்று பொய் வாயில் வரவில்லை. நீ இறந்து ஒன்றரை வருசம் ஆகிறது என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று கேட்டார். அதைச் சொல்ல மட்டும் எனக்குத் தைரியம் வரவில்லை, மாப்ள. அவர் சொன்ன கதையைக் கேட்டுத்தானே நீ போனாய்?

நாம் இரண்டு பேரும் கொத்தனார் வேலைக்குப் போன அந்த ஊரின் பேர் கடைசி வரை நம் வாயில் நுழையவே இல்லை. 'ஆத்தங்கரை ஊர்' என்றே சொல்லிக்கொண்டோம். தன்யூப் ஆற்றின் இந்தக் கரை குரோஷியா, அந்தக் கரை செர்பியா. மம்சாபுரத்தில் நம் தெருவும் பக்கத்துத் தெருவும் சேர்ந்தால் எவ்வளவோ, அவ்வளவுதான் ஊரே.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஸ்டீபன் அண்ணாச்சி நம்மை நடத்திக் கூட்டிக்கொண்டு போய் ஊரைக் காட்டினார். ஊருக்கு மேற்கே ஒரு மாதாகோயில், கிழக்கே வேறு முறைப்படி கும்பிடுகிறவர்களின் இன்னொரு கோயில். இரண்டும் ஒரே சாமிக்குத்தான். படித்துறையில் கூரை இல்லாத சுங்கக் கட்டடம். அதன் சுவரெல்லாம் அம்மை வந்த முகம் மாதிரி குண்டுத் துளை. காட்டு ஓரத்தில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை. அதைத் தாண்டிக் கால் வைத்தால் கண்ணிவெடி இருக்கலாமாம். நீ சட்டென்று என் கையைப் பிடித்து இழுத்தாயே, ஞாபகம் இருக்கிறதா?

எந்தக் காலத்திலோ ஒரு ராஜா துருக்கிப் படையைத் தடுக்க அங்கே குடும்பம் குடும்பமாகக் குடியேற்றினாராம். ஒரு கையில் நிலம், இன்னொரு கையில் துப்பாக்கி. "நம்ம பக்கம் மாதிரில்லா இருக்கு. வீட்டுக்கு ஒருத்தன் பட்டாளத்துல" என்று நீ சிரித்தாய். பிறகு நாடுகள் ஒன்றாகி, எல்லை இருந்த இடமே தெரியாமல் போய், அக்கரையில் பெண் எடுத்து இக்கரையில் பெண் கொடுத்து வாழ்ந்திருக்கிறார்கள். முப்பது வருசத்துக்கு முன்னால் நாடு உடைந்தபோது, அந்தச் சம்பந்திகளே ஒருவரை ஒருவர் கொன்றார்கள்.

கடைசியாகச் செங்கல் சூளைப் புகைபோக்கிக்குக் கீழே நின்றோம். ஸ்டீபன் அண்ணாச்சியின் அப்பாவையும் சித்தப்பாவையும் கையைக் கம்பியால் கட்டிச் சுட்ட இடம் அது. உள்ளூர் ஆள் ஒருவன் வீடு வீடாகக் கை நீட்டிக் காட்டிக்கொடுத்தானாம். அவர் தன் மொழியில் சொல்லச் சொல்ல, போன் அதைத் தமிழாக்கிச் சொன்னது. அந்தப் போன் குரலில் எந்த உணர்ச்சியும் இல்லை.

"காட்டிக் குடுத்தவன் யாரு அண்ணாச்சி? உயிரோட இருக்கானா?" என்று நீ விடாமல் கேட்டாய்.

அதற்கு அவர் சொன்னதை நீ சாகிற வரை மறக்கவில்லை. காட்டிக்கொடுத்தது பக்கத்து வீட்டு யோவன் என்று யாரோ சொல்ல, ஏழு வருசம் கழித்து ஊர் திரும்பிய ஸ்டீபன் அண்ணாச்சி, யோவன் வீட்டில் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தியிருக்கிறார். வீடு காலி என்றுதான் நினைத்திருக்கிறார். உள்ளே யோவனின் அப்பா நடக்க முடியாமல் படுக்கையில் கிடந்திருக்கிறார். ரொம்பக் காலம் கழித்துத்தான் தெரிந்ததாம், காட்டிக்கொடுத்தவன் யோவன் இல்லை, வேறு ஆள் என்று.

"நீங்கள் பூசுகிற வீடு என்னுடையது இல்லை. நான் எரித்த வீடு" என்றார். தினமும் தகரக் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நம் வேலையை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர்தான் யோவன் என்று அப்போதுதான் புரிந்தது.

"அவருக்குத் தெரியுமா?" என்றாய்.

"நானே போய்ச் சொன்னேன். மண்வெட்டியால் அடித்தான். அடிக்கட்டும் என்று நின்றேன். இரண்டு விலா எலும்பு உடைந்தது. பிறகு அவன் வெளியே போகச் சொன்னான். அடுத்த நாள் செங்கல்லோடு போனேன்."

மறுநாள் சாரத்தில் நின்று பூசிக்கொண்டிருந்தபோது கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய். "மச்சான், செல்லையா சித்தப்பா கையி கண்ணுக்குள்ளயே நிக்கி."

எனக்கு மட்டும் நிற்கவில்லையா? வத்திராயிருப்பு மலையடிவாரத் தோப்பில் அன்றைக்கு நானும்தானே உன் பக்கத்தில் இருந்தேன். பங்காளிச் சண்டை. வரப்பை வெட்டித் தள்ளிவிட்டார் என்ற கோபத்தில் நீ அரிவாளை வீசினாய். அவருடைய வலது கை மணிக்கட்டோடு விழுந்தது. மண்ணில் கிடந்த விரல்கள் துடித்தன. தேங்காய் வெட்டும்போது பட்டுவிட்டது என்று அவர் போலீசிடம் சொல்லிவிட்டார். ஆனால் அவருடைய மகன்கள் இரண்டு பேரும் உன்னைப் பார்த்த பார்வையைப் பார்த்து, என் தங்கச்சி, உன் பெண்டாட்டி பேச்சி பயந்துபோனாள். "எங்கயாவது கூட்டிட்டுப் போயிருண்ணே" என்று அவள் அழுததால்தானே, ராஜபாளையத்து ஏஜென்ட்டைப் பிடித்து நாம் அவ்வளவு தூரம் போனோம்?

லீவில் வந்த மூன்றாம் நாளே, சித்தப்பா வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போகணும், பைக்கை எடு என்றாய். நான் தடுத்தேன். "அடிச்சா வாங்கிக்கிடுதேன் மச்சான். ரெண்டு எலும்புதானே?" என்றாய்.

நல்ல உச்சி வெயில். கேட்டுக்கு வெளியே நின்று கையைக் கூப்பி, "சித்தப்பா, பேசத்தான் வந்திருக்கேன். அடிக்கணும்னா அடிங்க" என்று கூப்பிட்டாய். வந்தது மூத்த மகன். முதல் வெட்டு கழுத்தில் விழுந்தது. இளையவன் பின்னால் வந்து முதுகில் வெட்டினான். குறுக்கே பாய்ந்த எனக்குத் தோள்பட்டை பிளந்தது. அப்போது மாட்டுக் கொட்டகையிலிருந்து செல்லையா ஓடிவந்தார். "ஏலே, வேண்டாம்லே! விடுங்கலே!" என்று கத்திக்கொண்டே உன்மேல் குப்புற விழுந்து மூடினார். அடுத்த வெட்டு அவர் முதுகில் இறங்கியது. பெற்ற மகன் வெட்டிய வெட்டு, மாப்ள. உனக்குத் தெரிந்ததா? அந்த ஒற்றைக் கை உன் தலையைப் பிடித்திருந்ததை நீ உணர்ந்தாயா?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் என் மடியிலேயே நீ அடங்கிவிட்டாய்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் உன் அண்ணன் காளிமுத்து என் காதருகே குனிந்து, "செல்லையா பேரத்தான் மொதல்ல சொல்லணும். அவன் ஏவித்தான் வெட்டுனானுவ" என்றார். போலீஸ் கேட்டபோது நான் அப்படியே சொன்னேன். உன்னைக் காப்பாற்ற விழுந்த மனிதர், முதுகுத் தையல் பிரிக்கும் முன்பே ஜெயிலுக்குப் போனார்.

கோர்ட்டில் சாட்சி சொல்ல நாள் குறித்ததும் காளிமுத்து சொந்தக்காரர்களோடு வந்தார். சாக்கில் சுற்றிய புது அரிவாள்களை என் முன்னால் வைத்தார். "எதையும் பாக்கலன்னு சொல்லிரு. அப்பனும் மகனுவளும் வெளிய வரட்டும். பொறவு நாங்க பாத்துக்கிடுதோம்."

கோர்ட்டில் சொன்னேன். வெட்டியது மகன்கள் இரண்டு பேர், செல்லையா தடுத்தார் என்று. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "போலீசில் ஒன்று, இங்கே ஒன்று. எது பொய்?" என்று பிடித்துக்கொண்டார்.

"போலீஸ்ல சொன்னது பொய் ஐயா. அன்னைக்குக் கோவத்துல சொன்னேன்."

நீ சித்தப்பாவின் கையை வெட்டியதையும் சொன்னேன். உன்னை நான் கேவலப்படுத்திவிட்டேனா, மாப்ள? எதற்காகப் போனாய் என்று சொல்ல வேண்டுமென்றால், அதைச் சொல்லாமல் எப்படி?

போன மாதம் தீர்ப்பு வந்தது. மகன்கள் இரண்டு பேருக்கும் ஆயுள் தண்டனை, செல்லையாவுக்கு விடுதலை. கோர்ட் வாசலிலேயே காளிமுத்து என்னைக் கீழே தள்ளி முகத்தில் மிதித்தார். இரண்டு பல் போய்விட்டது. நான் திருப்பி அடிக்கவில்லை. "சொந்த மச்சினனுக்கே துரோகம் பண்ணிட்டியேலே" என்று அவர் கத்தியபோது பேச்சியும் அங்கே நின்றாள். அவள் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

நேற்று சாயங்காலம் அவளாகவே என் வீட்டுக்கு வந்தாள். உன் மகள் தங்கத்தைக் கையில் பிடித்திருந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"அண்ணே, இவ என்ன செஞ்சா தெரியுமா? பக்கத்து வீட்டுப் புள்ள கழுத்துல ஸ்கேலை வச்சு அறுக்கப் பாத்துருக்கா. கேட்டா, பெரியப்பா சொல்லிக் குடுத்தாராம். அப்பாவ வெட்டுனவங்கள நாமளும் வெட்டணுமாம்."

ஆறு வயசுப் பிள்ளை. ஒரு தப்பும் செய்யாதது போல என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ சொல்லுண்ணே. இவ அப்பா செஞ்சது, அவியளுக்குச் செஞ்சது, எதையும் மறைக்காம சொல்லு. எனக்கு வாய் வரல" என்று பேச்சி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தங்கத்தை மடியில் இருத்திக்கொண்டு, "ஒங்கப்பா ஒருத்தர் கைய வெட்டிட்டாருத்தா" என்று ஆரம்பித்தேன். "ஏன்?" என்று கேட்டாள். அந்த ஏனுக்குப் பதில் சொல்லி முடிக்கவே ரொம்ப நேரம் ஆகிவிட்டது. மீதியை இன்னும் சொல்லவில்லை.

சொல்லுவேன், மாப்ள. அவள் கேட்கிற ஒவ்வொரு ஏனுக்கும் ஒளிக்காமல் பதில் சொல்லுவேன். நான் உயிரோடு இருக்கிற வரை உன் பேரைச் சொல்லி அவள் கையில் யாரும் அரிவாளைக் கொடுக்க விடமாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

பேச்சியின் அண்ணன், தங்கத்தின் தாய்மாமன்,
உன் மச்சான் சண்முகவேல்
மம்சாபுரம்