கொதிக்கும் சொதியில் தேசிக்காய்

இன்று காலை தேங்காய்ப்பால் சொதியை இறக்கி வைத்துவிட்டுத் தேசிக்காய்ப் புளியைப் பிழிந்தேன். மணம் எழும்பியதும் உன் ஏச்சும் கூடவே எழும்பியது. நீ போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏச்சு மட்டும் இன்னும் சுடச்சுட இருக்கிறது.

நாட்டில் சண்டை நடந்த காலம். கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் ஒரே அறையில் இருந்தோம். நான் கொழும்பிலேயே கொட்டாஞ்சேனைக்காரி, வேலைக்குக் கிட்ட என்று வந்தவள். நீ யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கனடா விசாவுக்காகக் காத்திருந்தவள். நீ சமைப்பாய், நான் அதை என் வலைப்பதிவில் எழுதுவேன். கத்தரிக்காய்க் குழம்பைப் பற்றி எழுத என்ன கிடக்கிறது என்று என் ஒபிஸில் சிரித்தார்கள். ரொறன்ரோவிலிருந்த உன் அண்ணா மட்டும் ஒருநாள் விடாமல் வாசித்தார். பதிவு வந்தால் தங்கச்சி சமைத்திருக்கிறாள், சுகமாய் இருக்கிறாள். வராவிட்டால் உடனே போன் வரும்.

ஒரு விடியற்காலையில் பொலிஸ் சுற்றிவளைப்பு. அடையாள அட்டையில் என் முகவரி கொழும்பு, உன்னுடையது யாழ்ப்பாணம். உன்னைத்தான் சந்தேகத்தில் பஸ்ஸில் ஏற்றினார்கள். "தேங்காய்ப்பால் பிழிஞ்சு வச்சிருக்கிறன், பழுதாகப் போகுதடி" என்று சொல்லிக்கொண்டே ஏறினாய். பயம் வந்தால் உன் வாய் அப்படித்தான் ஓடும். உன் போன் மேசையிலேயே கிடந்தது. எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டுப் பின்னால் ஓடினேன்.

பொலிஸ் வாசலில், எனக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் போட்டுக் கெஞ்சினேன். அப்படி ஏற்றப்பட்ட சிலர் திரும்பி வராதது நம் இருவருக்கும் தெரியும். மத்தியானத்துக்கு முன்னமே வாசலில் நின்ற எல்லோரையும் துரத்திவிட்டார்கள்.

உன் அண்ணாவின் நினைப்பு வந்தது. நிச்சயமாக ஒன்றும் தெரியாமல் அந்த மனிசனுக்கு என்னத்தைச் சொல்வது? காலி வீதியில் ஒரு நெட் கஃபேக்குள் போய், அவர் பயப்படாமலிருக்க ஒரு பதிவு எழுதினேன். அன்றைக்கு நீ வைக்க இருந்த சொதிதான். என்ன எழுதினேன் என்று எனக்கே தெரியாது. போட்டுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன், எழும்பிப் போக இடம் இல்லாததுபோல.

கனநேரம் கழித்து ஒரு பின்னூட்டம் வந்தது.

"விசரி, சொதி கொதிக்கேக்க ஆராவது தேசிக்காய் விடுவினமோ? கைச்சுப் போகும். இறக்கிப்போட்டு விடு. என்னை விட்டிட்டாங்கள். சாவி உன்னட்ட. சந்தைக்குக் கிட்ட இருக்கிற நெட் கஃபேல நிக்கிறன், கெதியா வா, பசிக்குது."

என் நம்பர் உன் போனில்தான் இருந்தது. உனக்குப் பாடமாய் இருந்தது வலைப்பதிவின் முகவரி மட்டும். அந்தக் கடைக்காரர் கடனுக்குக் கணினி தந்திருக்கிறார். நான் ஓடி வந்து உன்னைக் கட்டிப்பிடித்து அழுதபோது நீ கேட்டாய்: "அண்ணா அந்தச் சொதியை வாசிச்சிட்டாரோ? மானம் போச்சு."

போன மாதம் அண்ணாதான் போன் எடுத்தார். வருத்தம் முற்றி, மருந்துக்கும் கேட்காமல்தான் போனாயாம். ஆனால் கனடாவில், உன் வீட்டில், உன் கட்டிலில், மகள் உன் கையைப் பிடித்திருக்கையில் போனாயாம். அழுது முடித்தபிறகு எனக்கு வந்தது நிம்மதிதான், சொன்னால் நீ கோபிக்கமாட்டாய். அந்த பஸ் உன்னைக் கொண்டுபோயிருந்தால் இந்த வீடு ஏது, மகள் ஏது?

வலைப்பதிவில் நான் இப்போது எழுதுவதில்லை. அந்தப் பதிவு மட்டும் அப்படியே கிடக்கிறது. பிழையைத் திருத்தச் சொல்லி இன்னும் யாராவது எழுதுகிறார்கள். திருத்தமாட்டேன். திருத்தினால், கீழே நீ எதற்காக ஏசுகிறாய் என்று வாசிப்பவர்களுக்கு விளங்காமல் போய்விடும்.