கறுப்புத் தாள் வைத்த உறை

அன்புள்ள பாப்பாவுக்கு,

எனக்குக் காய்ச்சல் இல்லை, இரண்டு வேளை பசிக்கிறது, அதை நலம் என்றே வைத்துக்கொள். நீயும் அதற்குக் குறையாமல் இருப்பாய் என்று நம்புகிறேன்.

பெரியம்மா போய் ஆறு வாரமாகிறது, நீ போன் செய்தும் அவ்வளவு நாளாகிறது. பெரியப்பா சொல்லியிருப்பார், என் பக்கத்தையும் கேட்டுவிடு. காய்ச்சல் பரவியபோது அந்தப் புது ஊசியை எல்லாருக்கும் போடச் சொல்லி ஒரே நெருக்கடி, அது குணமாக்குமா கெடுக்குமா என்று ஒருவருக்கும் தெரியாது. சம்மதிப்பவர்களில் பாதிப் பேருக்கு மட்டும் போடுவோம், மற்ற வைத்தியம் எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும், பார்த்துவிடலாம் என்று பிடிவாதமாக நின்றது ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நான்தான். நர்சுகள் எனக்கு 'ஆதாரம் அம்மா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். யாருக்கு எது என்பது ஒட்டிய உறைக்குள் இருக்கும், வரிசைப்படிதான் பிரிக்க வேண்டும். காய்ச்சலோடு வந்து சேர்ந்த பெரியம்மா தானே கையெழுத்துப் போட்டாள், உன்னை நம்பாமல் வேறு யாரை நம்புவது என்று கிண்டல் வேறு. அவளுக்கு வந்தது 'ஊசி இல்லை'. அடுத்த உறையைப் பிரி என்று பெரியப்பா கெஞ்சினார், மாட்டேன் என்றேன். ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

போன வாரம் முடிவு வந்தது. இரண்டு பக்கமும் இறந்தவர்கள் ஏறக்குறைய ஒரே அளவு, ஊசி போட்டவர்களில் சிறுநீரகம் கெட்டவர்கள்தான் அதிகம், ஊசியை நிறுத்திவிட்டோம். அந்தத் தாளோடு பெரியப்பா வீட்டுக்குப் போனேன். டீ போட்டுக் கொடுத்தார், தாளைத் தொடவில்லை. "அவளுக்குப் போட்டிருந்தா பிழைச்சிருப்பாளா, அதை மட்டும் சொல்லு" என்றார். இல்லை என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் தூங்கியிருப்பார். அந்த முடிவு இத்தனை பேருக்கும் சேர்த்து வந்தது, ஒருத்தியைப் பற்றிச் சொல்லாது, தெரியாது என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டார், நானே கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். மதியம் ஒன்றரைக்குப் போன் செய்து என்ன சாப்பிட்டாய் என்று கேட்க இப்போது பெரியம்மா இல்லை, அந்த நேரத்தில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாத்திரை எண்ணுகிறேன்.

யாரிடமும் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். அன்று அவர் கெஞ்சிவிட்டுப் போன பிறகு அடுத்த உறையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஒன்றும் தெரியவில்லை. யாரும் அப்படிப் பார்த்துவிடக் கூடாது என்று உள்ளே கறுப்புத் தாள் மடித்து வைத்ததும் நான்தான். தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரை என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

பெரியப்பா கேட்டதையே நாமும் கேட்டுவிடுவோமோ என்று பயந்துதான் பேசாமல் இருக்கிறாயோ என்னவோ. கேள். தெரியாது என்றுதான் சொல்வேன். ஆனாலும் கேள்.

நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இரு. வாரம் ஒரு முறை பெரியப்பாவுக்குப் போன் செய், மறந்துவிடாதே, அந்த வீட்டில் ஒற்றை ஆளாக இருக்கிறார். அவரோடு பேசி முடித்தபின் நேரம் இருந்தால் எனக்கும்.

உன் அம்மா