பத்துக்கு எட்டு

ஜூலை 8, செவ்வாய்

வெயில். ஆடி பிறக்க இன்னும் ஒன்பது நாள், காற்றைக் காணோம்.

வாங்க: சாக்பீஸ், அளக்கும் டேப் (கொத்தனார் வைத்திருப்பது, 30 அடி), பச்சைமிளகாய். செருப்பு வார் தைக்கக் கொடுக்க. கேஸ் புக் பண்ண.

பள்ளி முடிந்து, கடையில் டேப் வாங்கிக்கொண்டு வாய்க்கால்மேடு. மாலை 5 முதல் 7 வரை தெருப் பிள்ளைகளுக்கு வகுப்பு. ஆறு, ஏழு, எட்டு படிக்கிறதுகள் பதினோரு பேர். இன்று பரப்பளவு. புத்தகத்தில் ஒரு பூங்கா, அதற்கு வேலி, நடுவில் நீரூற்று. இவர்களில் ஒருத்தரும் நீரூற்றைப் பார்த்ததில்லை. திண்டிவனத்தில் நானே பார்த்ததில்லை. புத்தகத்தை மூடிவிட்டு டேப்பைக் கொடுத்தேன். "போய் அவங்கவங்க வீட்டை அளந்துக்கிட்டு வாங்க."

என்ன ஒரு ஓட்டம்! சத்யா மூச்சு வாங்க முதலில் வந்தாள். "எங்க வூடு பத்துக்கு எட்டு, டீச்சர். எண்பது சதுரடி." கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ்ளோதானா?"

சரியான விடை என்று டிக் போட்டேன்.

பெரிய நோட்டு ஒன்றில் எல்லோரையும் வரிசையாக எழுத வைத்தேன்: பெயர், நீளம், அகலம், பரப்பளவு. அதை வைத்து நாளை சராசரி. மாதத்துக்கு இப்படி ஒரு வகுப்பு அமைந்தால் போதும் எனக்கு.

டேப் வாங்கியாயிற்று. மிளகாய் மறந்துவிட்டது.

ஜூலை 9, புதன்

இரண்டே பேர். மற்றவர்களுக்குக் காய்ச்சலா? கேட்டால் இரண்டும் தரையைப் பார்க்கிறதுகள்.

சத்யாவின் அம்மா முனியம்மா பஸ் ஸ்டாண்டு பக்கம் அவித்த மல்லாட்டை (வேர்க்கடலை) விற்பவர். தினமும் நான் வேண்டாம் என்றாலும் ஒரு கை அள்ளிப் பையில் போடுவார். இன்று எதிரே வந்தவர் கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் போனார்.

நான் என்ன செய்தேன்?

ஜூலை 10, வியாழன்

என்ன செய்தேன் என்று தெரிந்துவிட்டது.

வகுப்பு நடக்கும் கொட்டகைக்குப் பூட்டு. அது தெருக்காரர்களின் மன்றத்துக் கொட்டகை, தகரக்கூரை. சாவி எப்போதும் சேகர் அண்ணனிடம். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், மன்றத்துக்குத் தலைவர். இரண்டு வருடம் முன்பு "புள்ளிங்க படிக்கட்டும்" என்று சாவியைக் கையில் கொடுத்தவரே அவர்தான். இன்று ஆட்டோவில் சாய்ந்து நிற்கிறார், சுற்றி இருபது பேர்.

"யார் அனுப்புனாங்க டீச்சர் உங்கள?"

"யாரும் அனுப்பலைண்ணா. பாடம்."

"பாடத்துக்கு எங்க வூட்டு நீளம் இன்னாத்துக்கு?"

புத்தகத்தைத் திறந்து பூங்காவைக் காட்டினேன். ஒருவரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. முனியம்மாதான் முன்னால் வந்தார்.

"நாலு வருசம் முன்ன நாங்க ரயில்வே கேட்டாண்ட இருந்தோம். இதே மாரி டேப்பு புட்சிக்கினு ரெண்டு பேரு வந்தாங்க. கொசு மருந்து அடிக்கறதுக்குன்னு சொன்னாங்க. நாங்களே டேப்போட இன்னொரு முனைய புட்சிக்கினு நின்னோம். பதினஞ்சாம் நாளு ஜேசிபி வந்துச்சி. சோத்துப் பானைய எடுக்க வுடல. இப்ப எம் பொண்ணையே அளக்க வச்சிட்டியே, டீச்சரு."

இதுவரை என்னை 'நீ' என்று சொன்னதில்லை.

இரண்டு வருடமாக வருகிறேன். யாருக்கு எந்த வாய்ப்பாடு தடுமாறும் என்று தெரியும். இங்கே வருவதற்கு முன் எங்கே இருந்தீர்கள் என்று ஒருநாள் கேட்டதில்லை. இந்த ஊரில் அளப்பது என்றால் இடிப்பது. எனக்கு மட்டும் அது கணக்குப் பாடம்.

ஜூலை 11, வெள்ளி

காலையில் விழுப்புரம், பள்ளி வேலை. போகவர நின்றுகொண்டே. கால் வலி.

நான் யார் என்பது பற்றி வாய்க்கால்மேட்டில் உலவும் சேதிகள், சத்யாவோடு படிக்கும் ஒருத்தி கடைத்தெருவில் காதோடு சொன்னவை:

தாசில்தார் ஆபீஸ் ஆள்.
பிளாட் போடுகிறவனுக்குக் கையாள்.
மதம் மாற்ற வந்தவள். (நெற்றியில் இருக்கிற பொட்டு வேஷமாம்.)
என் வீட்டுக்காரர் ஜேசிபி வைத்திருக்கிறார்.

கடைசியதை வீட்டில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "நமக்கு ஸ்கூட்டிக்கே டியூ கட்ட முடியல. உனக்கு எதுக்கு இந்தப் பேஜாரு? விட்டுடு" என்றார்.

விட்டுவிடலாம்தான். பொறுக்க முடியாத எரிச்சல். யார் மேல் என்று தெரியவில்லை. தலையணை உறை நான்கையும் எடுத்துத் துவைத்தேன்.

சத்யா எட்டாவது. கூட்டலுக்கே விரலை மடக்கிக்கொண்டிருந்தவள், இப்போது என் தப்பைத் திருத்துகிறாள். வகுப்பு நின்றால் அவளும் மல்லாட்டைக் கூடைதான். முனியம்மாவே போன மாதம் சொன்னார்: "நீங்க இருக்கங்காட்டியும் படிக்குது. இல்லன்னா என்கூட வந்துடும்."

ஜூலை 13, ஞாயிறு

தூறல், நசநசவென்று.

கோயில் முன்னால் கூட்டம். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சேகர் அண்ணன்தான் பேசினார். "அந்த நோட்ட எல்லார் முன்னாடியும் கிழிச்சிப் போட்டுடுங்க. அப்பால சாவி பத்திப் பேசலாம்."

பதினோரு பேர் கையெழுத்து அதில். அடித்துத் திருத்தி, மறுபடி பெருக்கி. முதல் வரி சத்யாவுடையது: 10 × 8 = 80, பக்கத்தில் என் சிவப்பு டிக்.

கிழித்தேன். நான்காகக் கிழித்து ஈரத் தரையில் போட்டேன். பிள்ளைகள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்யாவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

பிறகு கையை நீட்டினேன், சாவிக்கு. சே. அண்ணன் தலையைச் சொறிந்தார். "ஜல்தி பண்ணாதீங்க டீச்சர். பொம்பளைங்க இன்னும் பயந்துக்கினு கீறாங்க. பேசிட்டுச் சொல்றேன்."

நன்றாக ஏமாந்தேன். நோட்டும் போயிற்று, சாவியும் இல்லை.

ஜூலை 14, 15, 16

எழுத ஒன்றுமில்லை. பள்ளி, வீடு. செருப்பு வார் மறுபடி அறுந்தது. தைத்தவனிடம் சண்டை போட்டேன், பாவம் அவன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் நாள். பாயசம் வைக்கப் பால் காய்ச்சும்போது வாசலில் ஆட்டோ. சே. அண்ணன், உள்ளே வர மாட்டேன் என்கிறார்.

"கொட்டாய்ச் செவுத்துல இன்னாவோ நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிருக்காங்க. எழுத்துக் கூட்டிப் படிச்சாலும் ஒரு எழவும் புரியல. கொஞ்சம் வந்து சொல்லுங்க."

போனேன். நிஜமாகவே வந்துவிட்டது. வாய்க்காலை அகலப்படுத்தப் போகிறார்களாம். மாற்று இடம் கோருகிறவர்கள் குடும்பத் தலைவர் பெயர், வீட்டின் நீளம், அகலம், எத்தனை ஆண்டுகளாகக் குடியிருக்கிறார்கள் என்ற விவரங்களுடன் வரும் திங்கள் விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்க வேண்டும்.

இரண்டு தரம் உரக்கப் படித்தேன். நீளம், அகலம் என்ற இடத்தில் எனக்கே குரல் இறங்கிவிட்டது.

சே. அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "அந்த நோட்டு..."

"நீங்கதான கிழிக்கச் சொன்னீங்க?"

கத்திவிட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது. கத்தியதற்கு வருத்தமில்லை.

முனியம்மா ஒரே வார்த்தை: "பாத்தியா, அளந்தா, வந்துச்சி." அவ்வளவுதான், பெண்கள் பாதிப்பேர் அவர் பக்கம். ஜேசிபி வைத்திருக்கும் வீட்டுக்காரர் கதைக்கு மறுபடி உயிர். வகுப்பில் நான் டேப் கொடுத்ததற்கும் இந்த நோட்டீசுக்கும் சம்பந்தமில்லை என்று எந்த மொழியில் சொல்வது?

பாயசம் அடிப்பிடித்துவிட்டது.

ஜூலை 19, சனி

மனு எழுத ஆள் நான்தான். மறுபடி அளக்க வேண்டும். அதே டேப். புது நோட்டு.

பிள்ளைகளை வெளியே விடவில்லை. டேப்பின் ஒரு முனை என்னிடம், மறுமுனை சே. அண்ணனிடம். மூன்றாவது வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டார். "டீச்சர், ஒரு அடி சேத்து எழுதிக்கங்க. யாரு வந்து பாக்கப் போறா?"

"பாப்பாங்க. தப்பா இருந்தா மொத்த மனுவையும் தூக்கிப் போட்டுடுவாங்க."

"ஒரே ஒரு அடி, டீச்சர்."

வீட்டுக்கு வீடு இதே பாட்டு. ஒரு வீட்டில் டேப்பை வாசலுக்கு வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். எரிச்சலோடு எரிச்சலாகச் சிரிப்பும் வந்தது. சாவி கேட்டேன். "மனு போட்டு வரட்டும்" என்கிறார். அதற்குள் கொட்டகை இருக்குமா என்பது வேறு விஷயம்.

கடைசி வீடு முனியம்மாவுடையது. கதவு உள்ளே தாழ்.

"அக்கா, இது உங்களுக்காகத்தான். பேர் இல்லன்னா இடம் கிடைக்காது."

சே. அண்ணனும் தட்டினார். "ஏ முனிம்மா, தொற. எங்க வூட்டயும் அளந்தாச்சு."

"அளந்த கையி என் வாசப்படி மிதிக்கக் கூடாது."

வெளியிலிருந்தே அளக்கலாம், ஆனால் பின்பக்கம் வாய்க்காலில் இறங்க வேண்டும். இன்று முழுக்கப் பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. டேப்பைச் சுருட்டினேன். திரும்பி நாலு எட்டு வைத்திருப்பேன்.

உள்ளேயிருந்து சத்யா, வகுப்பில் விடை சொல்லும் அதே குரலில்: "பத்துக்கு எட்டு, டீச்சர். எண்பது!"

உடனே பளீரென்று ஒரு அடி. அழுகைகூட இல்லை.

சே. அண்ணன் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எழுதிக்கங்க."

எழுதினேன். முனியம்மா, 10 × 8, 80. தெரு முழுக்க ஒரு அடி சேர்த்து எழுதச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன். அந்த ஒரு அடி இந்த வீட்டில்தான் விழுந்தது.