பதினெட்டாவது பல்

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

இருபத்திரண்டு ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. நான் நலமாக இல்லை. உங்கள் நலத்தை அறியப் பெரிய ஆவலும் இல்லை. அக்கா எப்படி இருக்கிறாள் என்பதை மட்டும் அறிய வேண்டும். அதையும் உங்களைத் தவிர வேறு யாரிடமும் கேட்க முடியாத நிலைக்கு என்னை நானே கொண்டுவந்துவிட்டேன்.

உங்கள் கடிதம் செவ்வாயன்று வந்தது. எட்டு வருடம் கழித்து ‘அன்புள்ள மாப்ளே’ என்று பார்த்ததும் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று புரிந்துவிட்டது. நாம் பெயர் சூட்டிய சோழி தனி இனமே இல்லை என்று ஒரு பெண் ஆய்வாளர் எழுதப் போகிறார். திங்கட்கிழமை எங்கள் அருங்காட்சியகத்துக்கு வந்து சோழியின் ஓட்டை நேரில் பார்க்கிறார். அதற்குள் நான், ‘நூற்றைம்பது மீட்டர் ஆழத்தில், இழுவை வலையில், என் கையால் எடுத்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். “ஒரு வரிதானே மாப்ளே, ஒனக்கும் நல்லது எனக்கும் நல்லது” என்கிறீர்கள். அன்றைக்கும் இதே வார்த்தைகளைத்தான் சொன்னீர்கள். புதிதாக ஒன்று யோசித்திருக்கலாம்.

நீங்கள் கடிதத்தோடு வைத்திருந்த அந்தப் பெண்ணின் கேள்விகளை நானும் படித்தேன். நாம் சொன்ன ஆழத்தில் நான்கு கப்பல்கள் வலை இழுத்தும் இன்னொரு சோழி கிடைக்கவில்லையே, ஏன்? ஓட்டின் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பு மங்கியிருக்கிறதே, ஏன்? அவர் இடத்தில் நான் இருந்தாலும் இதையேதான் கேட்பேன். உங்கள் முந்நூறு பக்கப் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. அதில் விட்டுப்போன பக்கத்தை நான் எழுதுகிறேன்.

நூற்று நாற்பது வருடத்துக்கு முன் ஒரு கப்பல் தலைவன் கொண்டுவந்த ஒற்றைச் சோழி ஓடு எங்கோ ஒரு வெளிநாட்டுப் பெட்டியில் கிடந்தது. முதலில் பார்த்தவர் அது சாதாரணப் புள்ளிச் சோழியின் குட்டி என்றார். ஐம்பது வருடம் கழித்து இன்னொருவர் வாயோரப் பற்களை எண்ணிவிட்டு, குட்டியில்லை, நிறம் வெளுத்த வகை என்றார். மூன்றாமவர் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு இழுப்பறையை மூடினார். நீங்கள் அதன் படத்தை வரவழைத்து மேசைமேல் போட்டு வைத்தீர்கள். அக்கா அதை எடுத்துப்போய்ச் சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் ஒட்டினாள். “பல்லழகி” என்று பெயரும் வைத்தாள். “பொண்ணு பல்லக் காட்டுது, யாரும் கட்டிக்க மாட்டேங்கறானே” என்று அவள் சிரித்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

முக்குளிப்பவர் கையில் கிடைக்கவில்லை, வலையிலும் வரவில்லை என்றால், அடியில் ஏதோ ஒன்று இதைத் தின்றுகொண்டிருக்க வேண்டும். இது உங்கள் யோசனையும் இல்லை, என் யோசனையும் இல்லை. தினமும் காலையில் மீன் இறங்கும் துறைக்குப் போய், பாறையிடுக்கில் மேயும் பெரிய மீன்களின் இரைப்பையை மட்டும் கேட்டு வாங்கி வந்தவள் அவள். மீன் வெட்டும் பெண்கள், “எங்க வீட்டுப் பூனகூட இதத் தொடாதும்மா, நீ என்ன செய்யப் போற?” என்று கேலி செய்வார்களாம். ஏழு மாதம், சமையலறைக் கத்தரியால் அறுத்துப் பார்த்தாள். வீடு நாறுகிறது என்று நீங்கள் என் அறையில் வந்து படுத்துக்கொண்டீர்கள். எட்டாவது மாதம் ஓர் இரைப்பைக்குள் பல்லழகி முழுசாக இருந்தாள். ஒரு பக்கத்தை மட்டும் இரைப்பை நீர் அரித்திருந்தது.

ஓட்டோடு வைக்க அக்கா அன்றே அடையாளச் சீட்டு எழுதினாள். எந்த மீன், எந்தப் பாறைத் திட்டில் பிடித்தது, யார் வெட்டியது, ஓட்டின் நீளம், பற்களின் எண்ணிக்கை. அடியில் தன் பெயர், பின்னால் அப்பா பெயர். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் அப்பா பெயரை விடவில்லை என்பதில் உங்களுக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அப்போது என் வேலை நிரந்தரமாகவில்லை. “பொண்டாட்டி மீன் குடல்ல எடுத்தா, புருஷன் பேரு வச்சான்னு ஊரே சிரிக்கும் மாப்ளே. நீ எடுத்ததா இருக்கட்டும்” என்றீர்கள். நான் வேறு சீட்டு எழுதினேன். மீன் இழுவை வலையாயிற்று. பாறைத் திட்டு நூற்றைம்பது மீட்டராயிற்று. அக்கா நானானாள். ‘கண்டெடுத்தவரின் பெயரைச் சூட்டுகிறேன்’ என்று நீங்கள் அச்சேற்றினீர்கள். எங்கள் இருவர் பெயருக்கும் பின்னால் வரும் அப்பா பெயரோடு ஓர் ‘இ’ சேர்ந்து சோழியின் பெயராயிற்று. உயிரினங்களுக்குப் பெயர் வைக்கும் லத்தீன் முறையில் ஆணுக்கு வைத்தால் ‘இ’, பெண்ணுக்கு வைத்தால் ‘ஏ’. நம் மொழியில் ன், ள் மாதிரி. ஓர் எழுத்துக்குள் அவளை முழுசாக மறைத்துவிட்டோம்.

அதற்குப் பிறகு நீங்கள் பேராசிரியர். நான் கீழ்த்தளத்தில், தண்ணீர்க் குழாய் ஒழுகும் அறையில், பஞ்சு வைத்த பெட்டிகளுக்குக் காவல். என் ஆராய்ச்சியை “அப்புறம் பாத்துக்கலாம்” என்றீர்கள். அந்த ‘அப்புறம்’ இன்னும் வரவில்லை. உங்கள் பாராட்டுக் கூட்டத்தில், “என் மச்சான் கைக்குக் கிடைச்சுது, என் கண்ணுக்குத் தெரிஞ்சுது” என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக உங்களை இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஆனால் அக்காவிடம் இரவல் வாங்கிய பெயருக்காகத்தான் இத்தனை வருடம் உங்கள்மேல் கறுவிக்கொண்டிருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். கட்டுரை அச்சில் வந்த அன்று அக்கா என் அறைக்கு வந்தாள். அவள் வாயைத் திறக்குமுன், “பேருக்கு இப்படி அலையாதே” என்று கத்தினேன். அவள் நிதானமாக, “பேரு கெடக்கட்டும்டா தம்பி. வலையில வந்துச்சுன்னு எழுதிட்டியே, இனி எல்லாரும் தப்பான எடத்துல தேடுவாங்களேடா” என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. நான்கு கப்பல்களும் தப்பான இடத்தில்தான் தேடின. இப்போது அப்படி ஓர் இனமே இல்லை என்று எழுதப் போகிறார்கள். அந்தக் கேள்விக்குறி திரும்ப வரப் போகிறது.

எங்கள் வேலையில் ஒரு விதி. புதுச் சீட்டு எழுதினால் பழையதை எறியக் கூடாது. அதன் அடியில் வைக்க வேண்டும். அக்காவின் சீட்டைக் கிழித்துப் போடச் சொன்னீர்கள். கிழித்துவிட்டேன் என்றேன். கிழிக்கவில்லை. தைரியத்தால் இல்லை, பழக்கத்தால். அது இழுப்பறைப் பஞ்சுக்கு அடியில் இருந்தது. நேற்று எடுத்து ஓட்டின் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். என் சீட்டை அதன்மேல் வைத்து, ‘இது பொய்’ என்று எழுதியிருக்கிறேன். பதிவேட்டிலும் எழுதியாயிற்று. இந்த உறையில் இருப்பது நகல்தான், அவசரப்பட வேண்டாம். திங்கட்கிழமை அந்தப் பெண் பெட்டியைத் திறக்கும்போது நான் பக்கத்தில் நிற்பேன். என் வேலை போகலாம். உங்கள் பெயருக்கும் நல்லதில்லை. ஆனால் எங்கே தேடுவது என்று தெரிந்தால் இனம் தப்பிக்கும். கண்டெடுத்தவர் பெண் என்றால் கடைசி எழுத்தைத் திருத்தவும் விதியில் இடமுண்டு.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இதுவரை எதுவும் கேட்டதில்லை. திங்கட்கிழமைக்கு முன் அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். வெளியாள் வாயிலிருந்து அவள் இதைக் கேட்கக் கூடாது. நான் வந்தால் கதவைத் திறக்க மாட்டாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் இதைச் சொல்லுங்கள். நம் கட்டுரையில் கீழ் வரிசைக்குப் பதினேழு பல் என்று போட்டோம். அவள் சீட்டில் பதினெட்டு, ‘ஓரத்தில் ஒன்று மிகச் சிறியது’ என்று இருக்கிறது. சமையல்காரிக்கு எண்ணத் தெரியவில்லை என்று நாம் இருவரும் சிரித்தோம். நேற்று உருப்பெருக்கியின் கீழ் மூன்று முறை எண்ணினேன். பதினெட்டுதான். தம்பி எண்ணிப் பார்த்துவிட்டான் என்று அவளிடம் சொல்லுங்கள். அது போதும்.

அவள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழக்கப்படி இங்கே ‘இப்படிக்கு’ என்று போட்டு என் பெயரும் அப்பா பெயரும் எழுத வேண்டும். அந்தச் சோழி சம்பந்தமான காகிதத்தில் கடைசியாக நான் பெயர் எழுதியது அந்தப் பொய்ச் சீட்டில். என் எழுத்தை உங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கையெழுத்துப் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கப் போகிறேன்.