சேர்த்துத் தைக்காத சட்டை

அனுசியாவுக்கு,

போடியிலிருந்து உன் மதினி கார்முகில் எழுதுவது. இங்கே உன் அம்மாவும் உன் அண்ணனும் சுகம். பிள்ளை நிலவனுக்கு நேற்றிலிருந்து இளைப்பு. மெஷின் வைத்து மருந்துப் புகை பிடித்து, இப்போதுதான் கண் அசந்தான். மெஷின் சத்தம் நின்றதும் எனக்குத் தூக்கம் போய்விடும். அடுத்த மூச்சு வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்படி உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உன் சுகத்தை விசாரிப்பது முறை. விசாரித்ததாக வைத்துக்கொள்.

காசிமாயன் அண்ணன் ஜீப்பில் நீ கொடுத்தனுப்பிய பை வந்து சேர்ந்தது. ஏலக்காய் மூட்டைக்கு நடுவில் வைத்து இறக்கியிருக்கிறார், நூலெல்லாம் ஏலக்காய் வாசம். வெள்ளை உல்லன் நூல் உண்டைகள், கூடவே ஒரு துண்டுக் காகிதம். "மதினி, இங்க ஒரே தணுப்பு. கடையில விக்கிற ஸ்வெட்டர் பச்சப்பிள்ளைக்கு உறுத்தும்ங்கிறாக. நீங்க பின்னுனா மெத்துன்னு இருக்கும். ஒரு சட்டை, ஒரு குல்லா, சாக்ஸு. பிள்ளை பொறக்குறதுக்கு முந்தியே வேணும். அம்மாவுக்குத் தெரிய வேணாம்." குளிர் என்ற சொல்லை மறந்து தணுப்பு என்று எழுதுகிறாய். பூப்பாறைக்கு வாழப் போனதில் மலையாளம் வந்துவிட்டது, கூச்சம்தான் இன்னும் வரவில்லை.

அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிறக்காத பிள்ளைக்குத் துணி சேர்க்கக் கூடாது என்பது உன் அம்மாவின் சட்டம். அதை மீறியவள் என்றுதான் இந்த வீட்டில் மூன்று வருஷமாக நான் ஒதுங்கி நிற்கிறேன். உனக்கு என்றால் மட்டும் மீறலாம், அதுவும் என் கையை வைத்து, ரகசியமாக. நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் யார் கையைக் காட்டுவார்கள்? நீ காட்டுவாயா, உன் அம்மா காட்டுவார்களா?

போன மாசம் உன் வளைகாப்புக்கு இரண்டு ஜீப்பில் ஏறி வந்தோமே, வாசலில் தொங்கிய மாவிலைத் தோரணம் நான் பின்னியது. பச்சை நூலில் ஒவ்வொரு இலைக்கும் நடு நரம்பு தனியாக எடுத்திருந்தேன். உன் நாத்தனார், மனோஜின் அக்கா, அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து எங்கே வாங்கியது என்று கேட்டார். "தேனியில ஒரு கடையில" என்றார்கள் உன் அம்மா. நீ மணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். வளையல் போடும் நேரம் வந்ததும் உன் அம்மா என்னைப் பார்த்து, "கார்முகிலு, நீ பிள்ளையத் தூக்கிட்டுப் பின்னாடி போத்தா. சாம்பிராணிப் புகை அவனுக்கு ஆகாது" என்றார்கள். அங்கே சாம்பிராணியே போடவில்லை. நான் போய் நின்றது ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோருக்குப் பின்னால். விறகு போட்டு எரிக்கிற நிஜமான புகை அங்கேதான் இருந்தது. நிலவன் இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்துபோனான். உள்ளே வளையல் சத்தம், சிரிப்பு. நான் பின்னியதை வாசலில் கட்டலாம், என் கையால் உனக்கு ஒரு வளையல் ஏற்றக் கூடாது.

உன்னைக் கூட்டிக்கொண்டுதான் இறங்குவோம் என்று நினைத்திருந்தேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே. உனக்கென்று மாடி அறையைக் கழுவித் துடைத்து, ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துவிட்டு வந்தவள் நான். வெறும் ஜீப்பாகத் திரும்பினோம். போடிமெட்டு இறக்கத்தில் ஒரு வளைவில் வண்டி நின்றபோது, முன்சீட்டிலிருந்து உன் அம்மா காசிமாயன் அண்ணனிடம் சொன்னார்கள், எனக்குக் கேட்கட்டும் என்றே: "அந்த வீட்டுல வேணாம்ப்பா. அங்கன ஒரு கை கெடக்கு. நானே மேல போயிப் பாத்துக்கிறேன்." அந்தக் கையோடு ஒட்டியிருக்கிற ஆளுக்குப் பெயர்கூடக் கிடையாது.

நிலவன் பிறக்குமுன்னே அவனுக்கு நான் பின்னி வைத்த அந்த மஞ்சள் சட்டையை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனாலும் நடந்ததை ஒரு தடவை எழுத்தில் வைத்துவிடுகிறேன்.

உனக்குப் பூ வைக்க மனோஜ் வீட்டார் மலையிலிருந்து இறங்கி வந்த நாள். எனக்கு எட்டாம் மாசம். அடுப்படியில் வடை தட்டிக்கொண்டிருந்தேன், கால் நனைந்தது. வலி இல்லை, பனிக்குடத் தண்ணீர். நேராக உன் அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு உன்னிடம்தான் சொன்னேன். அந்த வீட்டில் அன்றைக்கு எனக்கு நெருக்கம் நீதான். கண்ணாடி முன்னால் தலை நிறையப் பூவோடு உட்கார்ந்திருந்தாய். திரும்பாமலே சொன்னாய்: "மதினி, கொஞ்சம் பொறுத்துக்கங்க. அவுக பூ வச்சிட்டுப் போயிரட்டும். இந்நேரத்துல ஆஸ்பத்திரி அது இதுன்னா என்னத்த நெனைப்பாக." நான் பொறுத்தேன். உள்ளறையில் அரிசிச் சாக்கின்மேல் காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் சாப்பிட்டார்கள், வெற்றிலை போட்டார்கள், நிச்சயத் தேதி பேசினார்கள், போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவில் நான் இல்லை என்பதை இதுவரை யாரும் கவனிக்கவில்லை.

தேனி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. பிள்ளை நீலமாக வந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். தண்ணீர் எப்போது போனது என்று டாக்டரம்மா கேட்டார். சொன்னேன். "இவ்வளவு நேரம் என்னம்மா செஞ்சீங்க?" என்றார். விருந்து முடியக் காத்திருந்தோம் என்று எப்படிச் சொல்வது?

ஆஸ்பத்திரிப் பையைப் பிரித்தபோது அந்தச் சட்டை உன் அம்மா கையில் அகப்பட்டது. "பொறக்காத பிள்ளைக்குச் சட்டை பின்னி ஒளிச்சு வச்சிருக்கா. எமன் அளவு பாத்துட்டான்" என்று வராந்தாவில் நின்று சொன்னார்கள். மறுநாளே அதைக் கொட்டகுடி ஆற்றில் விட்டுவிட்டு வந்தார்கள். உன் அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "மதினி இடுப்பு வலின்னுதான் சொன்னாக. தண்ணி போச்சுன்னு சொல்லவே இல்லண்ணே" என்றாய். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். அன்றிலிருந்து அவருக்கு நான் பழியை அடுத்தவர்மேல் போடுகிறவள், உன் அம்மாவுக்கு நான் ஆகாத கை. நிலவனுக்கு இளைப்பு வரும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சட்டை ஆற்றிலிருந்து ஏறி வீட்டுக்கு வந்துவிடும்.

அதனால் உன் நூலைத் திருப்பி அனுப்புகிறேன். எனக்கு வேலை இல்லாமல் இல்லை. சூரியநெல்லிப் பக்கம் ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள் கிறிஸ்துமசுக்குப் பின்னல் நட்சத்திரமும் சின்னச் சின்ன யானையும் கேட்டிருக்கிறார்கள். "காலேஜு படிச்சவ நூலுக்குள்ள பஞ்சை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கா" என்று உன் அம்மா தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கட்டும். ஊர் பேர் தெரியாதவர்கள் என் யானையை வாங்கித் தங்கள் பிள்ளை கையில் கொடுக்கிறார்கள். அதைக் கட்டிக்கொண்டு படுத்த எந்தப் பிள்ளைக்கும் எதுவும் ஆகவில்லை.

நிலவன் புரண்டு படுக்கிறான். நிறுத்துகிறேன்.

விடிந்துவிட்டது. நூல் பையைக் கட்டி வாசலில் வைத்தேன். பிறகு நானே உள்ளே எடுத்து வந்துவிட்டேன். காரணம் உன்மேல் இரக்கம் இல்லை.

உன் அம்மா அடுத்த வாரம் உன்னிடம் வருவதற்கு மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பூண்டு, பெருங்காயம், பழைய வேட்டித் துணி எல்லாம் கூடத்தில் பரப்பிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி அக்கா வந்து உட்கார்ந்திருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். "ஜோசியர்ட்டக் கேட்டுட்டேன். டாக்டரு சொன்ன வாரத்துல ரெண்டு நாளு நட்சத்திரம் சரியில்ல. அதுக்குள்ள எது வந்தாலும் ஓடக் கூடாது. நேரம் பாத்துத்தான் மகள ஜீப்புல ஏத்தணும்" என்றார்கள் உன் அம்மா. "தண்ணி கிண்ணி போயிட்டா எப்பிடிக்கா பொறுக்க?" என்று செல்லக்கிளி அக்கா கேட்டார். அதற்கு உன் அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "போனாப் போகுது. அதனால ஒண்ணும் ஆயிராது. எம் பேரனுக்கு வந்தது அந்தச் சட்டையால வந்த வினை. எம் மகளுக்குத்தான் அப்பிடி ஒண்ணும் பின்னி வைக்கலையே."

அனுசியா, இது உனக்குப் புரிகிறதா? அன்றைக்கு நான் பொறுத்ததால்தான் என் பிள்ளையின் மூச்சு இப்படி ஆனது. அது தெரிந்தவர்கள் நானும் நீயும்தான். பொறுத்தால் ஒன்றும் ஆகாது என்று உன் அம்மா மனதார நம்புகிறார்கள். நம்ப வைத்தது நீ. அந்த நம்பிக்கையோடுதான் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்காரப் போகிறார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. கூடத்துக்கு வந்து, தண்ணீர் போனால் தாமதிக்கக் கூடாது அத்தை என்று சொன்னேன். "ஒனக்கு எம் மகளப் பாத்து வயிறு எரியிது" என்றார்கள். எரியத்தான் செய்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் பேச்சு இங்கே எடுபடாது. அதற்கு வழி செய்தவளும் நீயேதான். நீ சொன்னால் மட்டும்தான் கேட்பார்கள். எனக்காகச் சொல்ல வேண்டாம். என் பெயர் கெட்டது கெட்டதாகவே இருக்கட்டும். உன் வயிற்றில் இருப்பதற்காகச் சொல்.

இன்னொன்று. நாளைக்கு நானும் நிலவனும் ராசிங்காபுரத்துக்கு, என் அம்மா வீட்டுக்குப் போகிறோம். உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். கிறிஸ்துமஸ் நட்சத்திரம் பின்னுகிற வேலை குவிந்து கிடக்கிறது, அங்கே போனால் வெரசா முடியும் என்று காரணம் சொன்னேன். அவருக்கும் அது வசதிதான், மேற்கொண்டு கேட்கவில்லை. உன் பிரசவம் முடிகிறவரை இந்த வீட்டில் என் கை இருக்காது. உன் அம்மா சொன்ன தடை நீங்கிவிட்டது. மனோஜிடம் சொல்லி, பகலில், மெதுவாக வண்டியை ஓட்டச் சொல்லி இறங்கி வந்துவிடு. இங்கே ஆஸ்பத்திரி என்றால் ஆட்டோ போகிற தூரம்தான். அங்கேயிருந்து மழையும் மூடுபனியும் தாண்டி எவ்வளவு நேரம் என்று உனக்கே தெரியும். மாடி அறை கழுவியபடிதான் இருக்கிறது. இதைப் பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே. இன்னொரு பிள்ளை மூச்சுக்குத் தவிப்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார என்னால் ஆகாது, அவ்வளவுதான்.

நூலை என்னோடு எடுத்துப் போகிறேன். முதுகு, முன்பக்கம் இரண்டு, கை இரண்டு என்று தனித்தனியாகப் பின்னி வைப்பேன். சேர்த்துத் தைக்க மாட்டேன். சேர்க்காதவரை அது சட்டை இல்லை, வெறும் துண்டு. எந்த எமனும் அளவு பார்க்க முடியாது, எந்த அத்தையும் ஆற்றில் விட முடியாது. பிள்ளை அழுகிற சத்தத்தைப் போனில் எனக்குக் கேட்க வை. கிடைத்த பஸ்சில் ஏறி வருவேன். உன் அம்மா எதிரிலேயே உட்கார்ந்து, நிதானமாக, ஐந்து துண்டையும் சேர்த்துத் தைத்து என் கையாலேயே மாட்டிவிடுவேன். பின்னாடி போ என்று அன்றைக்கு என்னிடம் யாரும் சொல்லக் கூடாது. அதை நீ பார்த்துக்கொள்.

நிலவன் எழுந்ததும் அவனுடைய யானையைக் கொண்டுவந்து இந்தக் கடிதத்தோடு வைத்தான், அத்தை பாப்பாவுக்காம். திரும்ப எடுத்துக்கொள் என்றேன், கேட்கவில்லை. காசிமாயன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். அதன் ஒரு காது கடித்துக் கடித்துப் பிய்ந்திருக்கும். இது அவன் கொடுத்தது, நான் கொடுத்ததாக எடுத்துக்கொள்ளாதே.

மன்னிப்புக் கேட்டு எழுதாதே. கேட்டாலும் கொடுக்க இப்போது என்னிடம் இல்லை. உன் அம்மா மேலே வந்து சேர்வதற்குள், போனிலாவது, உண்மையைச் சொல்லிவிடு. திட்டுவார்கள், அழுவார்கள், வாங்கிக்கொள். தண்ணீர் போனால், கூடத்தில் எந்த வீட்டு ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தாலும், அன்றைக்கு என்ன நட்சத்திரமாக இருந்தாலும், யார் கையைப் பிடித்து உட்கார வைத்தாலும், பொறுக்காதே அனுசியா. எழுந்து நட. நல்லபடியாகப் பெற்றெடுத்து எழுந்திரு.

இப்படிக்கு,
உன் அண்ணன் மனைவி
கார்முகில்